காரில் பினாங்குக்குப் போவதற்கு முன், திரும்பி வருவதைப் பற்றி

சிங்கப்பூரிலிருந்து மலேசியாவுக்குக் காரில் போவதை இங்கே யாரும் வெளிநாட்டுப் பயணம் என்று சொல்வதில்லை. "ஜேபிக்குப் போய்விட்டு வருகிறோம்" என்று பக்கத்துப் பேட்டைக்குப் போவது போலத்தான் சொல்கிறார்கள்; ஜேபி என்பது பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஜோகூர் பாரு. காரைக் கழுவ, மளிகை வாங்க, இரவுச் சாப்பாட்டுக்கு என்று வாரந்தோறும் கடற்பாலத்தைக் கடப்பவர்களுக்கு அந்தப் பேச்சு பொருந்தும். ஆனால் ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாரையும், குழந்தை இருக்கையை இன்னும் விடாத மகனையும் ஏற்றிக்கொண்டு பினாங்கு வரை ஏறத்தாழ 700 கிலோமீட்டர் ஓட்டத் திட்டமிடும்போது, அது முழுமையான வெளிநாட்டுப் பயணம்தான் என்பது முதல் பட்டியலைப் போட்ட உடனேயே தெரிந்துவிடுகிறது. விமானப் பயணத்தில் நம்முடைய ஆவணங்கள் மட்டும் சரியாக இருந்தால் போதும். இங்கே காருக்கும் தனியாக ஓர் அடையாளம், ஓர் அனுமதி, ஒரு காப்புறுதி, ஒரு கட்டணம் உண்டு.

ஜூன் பள்ளி விடுமுறைக்கான ஏற்பாடுகளை நான் ஏப்ரலிலேயே தொடங்கினேன். அத்தையின் தாத்தா பினாங்கில் ஒரு கிட்டங்கியில் கணக்கு எழுதியவர். ஜார்ஜ் டவுனின் பினாங்கு வீதியையும் தண்ணீர்மலை முருகன் கோயிலையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது அத்தையின் நெடுநாள் ஆசை. விமானத்தில் போனால் ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் ஈப்போவின் கல்லுமலைக் கோயிலுக்கும் வழியில் இறங்க வேண்டும், மகனுக்கு ஒரு நாள் கடற்கரை வேண்டும், அத்தைக்கு நினைத்த இடத்தில் நிறுத்திக் கால் நீட்ட வேண்டும் என்றெல்லாம் கூடியதால் கார்தான் என்று முடிவானது.

இந்தத் தயாரிப்பில் என் அனுபவம் சொல்வது ஒன்றுதான்: மலேசியாவுக்குள் போவதற்கு என்னென்ன வேண்டும் என்று எல்லோரும் தேடுகிறார்கள், சிங்கப்பூருக்குத் திரும்பி வருவதற்கு என்னென்ன வேண்டும் என்று தேடுபவர்கள் குறைவு. உண்மையில் கடுமையான நிபந்தனைகளில் பாதி நம் பக்கத்துச் சோதனைச்சாவடியில்தான் இருக்கின்றன. அதனால் நான் பட்டியலைத் திரும்பும் நாளிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி எழுதுகிறேன்.

எங்கள் காரில் மூன்று வகை ஆட்கள் இருக்கிறோம். நானும் மகனும் குடியுரிமை பெற்றவர்கள். கணவர் இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசி. அத்தை இந்தியாவிலிருந்து வருகையாளர் விசாவில் வந்திருப்பவர். ஒரே காரில், ஒரே முகப்பில், ஒரே அதிகாரியிடம் நீட்டினாலும் மூன்று வகைக்கும் விதிகள் வேறு வேறு.

முதலில் அத்தை. இந்தியக் குடிமக்களுக்குச் சிங்கப்பூர் விசா வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த விசா ஒருமுறை நுழைவதற்கானதா, பலமுறை நுழைவதற்கானதா என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. சாங்கி விமான நிலையத்தில் இறங்கியபோதே ஒரு நுழைவு முடிந்துவிட்டது. விசா ஒருமுறைக்கானது என்றால், துவாஸ் சோதனைச்சாவடி வழியாக மலேசியாவுக்குள் போன பிறகு திரும்பி வருவதற்குப் புதிய விசா வேண்டும். அதைச் சாலையோரம் நின்று வாங்க முடியாது. அத்தையின் மின்விசாவைத் திறந்து, பலமுறை என்று இருக்கிறதா, எங்கள் திரும்பும் தேதிக்குப் பிறகும் அது செல்லுமா என்று பார்த்த பின்னர்தான் நான் ஹோட்டலுக்குப் பணம் கட்டினேன். விசா இருந்தாலும், மறுபடி நுழையும்போது எத்தனை நாள் தங்கலாம் என்பதைச் சோதனைச்சாவடியில்தான் முடிவு செய்கிறார்கள். எனவே அவர் சென்னைக்குத் திரும்பும் விமானச் சீட்டின் நகலையும் அதே உறையில் வைத்திருக்கிறேன்.

மலேசியப் பக்கம் அத்தைக்கும் கணவருக்கும் இப்போது எளிதாகவே இருக்கிறது. இந்தியக் கடப்பிதழ் உள்ளவர்களுக்கு 30 நாள்வரை விசா தேவையில்லை என்ற சலுகையை மலேசியா 2023 டிசம்பரில் தொடங்கி 2026 இறுதிவரை நீட்டித்திருக்கிறது. ஆனால் இருவரும் மலேசிய மின்னிலக்க வருகை அட்டையை நிரப்ப வேண்டும். 2024 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்ட இந்த அட்டையிலிருந்து சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு விலக்கு உண்டு. சிங்கப்பூர் நிரந்தரவாசிகளுக்கு இல்லை. "நான் பதினைந்து வருடமாக இங்கேதான் இருக்கிறேன்" என்பது அந்தப் படிவத்துக்குத் தெரியாது. கடப்பிதழ் எந்த நாட்டுடையது என்பதைத்தான் அது பார்க்கும். வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்ப வேண்டும், கட்டணம் கிடையாது. தேடுபொறியில் முதலில் வந்து நிற்கும் சில தளங்கள் இதற்குப் பணம் கேட்கின்றன. மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்தைத் தவிர வேறு எதிலும் கடப்பிதழ் எண்ணைத் தட்டச்சு செய்ய வேண்டாம். கணவர் மறுநுழைவு அனுமதியின் காலாவதித் தேதியையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். நிரந்தரவாசிகளுக்கு அது உயிர்நாடியான காகிதம். நம்மில் பலர் அதை ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் நினைத்துப் பார்க்கிறோம்.

எல்லாருடைய கடப்பிதழும் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சிறுவர்களின் கடப்பிதழை மட்டும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது.

சிங்கப்பூர்ச் சாவடியில் 2024 மார்ச் முதல் கடப்பிதழுக்குப் பதிலாக கியூஆர் குறியீட்டைக் காட்டிக் கடக்கலாம். சிங்கப்பூர்க் குடிநுழைவு ஆணையத்தின் மைஐசிஏ செயலியில் காரில் இருக்கும் அனைவரையும் ஒரே குழுவாகச் சேர்த்து ஒரே குறியீடு எடுத்துக்கொள்ளலாம். சிங்கப்பூருக்கு வருவது இதுவே முதல்முறை என்ற வருகையாளர் மட்டும் கடப்பிதழைத்தான் நீட்ட வேண்டும். இது உண்மையிலேயே நேரத்தை மிச்சப்படுத்துகிறது. ஆனால் குறியீடு பழகிப்போய்க் கடப்பிதழை வீட்டிலேயே விட்டுவிட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் கடப்பிதழ்தான் வேண்டும். நான் கடப்பிதழ்களை உறைகளைக் கழற்றி, ஓட்டுநர், முன்னிருக்கை, பின்னிருக்கை என்ற வரிசையில் அடுக்கி, ஒரு ரப்பர் வளையத்தில் போட்டு வைக்கிறேன். முகப்பிலிருந்து கை நீளும் அந்தச் சில வினாடிகளில் தோல் உறையிலிருந்து கடப்பிதழை உருவிக்கொண்டிருப்பதைப் போலப் பின்னால் நிற்பவர்களின் பொறுமையைச் சோதிப்பது வேறில்லை.

அடுத்தது கார். மலேசியாவின் வாகன நுழைவு அனுமதியைப் பற்றிப் பல ஆண்டுகள் பேச்சு இருந்தது, தள்ளிப்போடப்பட்டது, மறுபடி பேச்சு வந்தது. அதனால் "இதுவும் அப்படியே போய்விடும்" என்று இருந்தவர்கள் ஏராளம். போகவில்லை. 2024 அக்டோபரில் நினைவூட்டலோடு தொடங்கி, 2025 ஜூலை 1 முதல் அனுமதி இல்லாத சிங்கப்பூர் வாகனங்களுக்கு 300 ரிங்கிட் அபராதம் விதிக்கிறார்கள். அபராதத்தைக் கட்டிய பிறகுதான் மலேசியாவை விட்டு வெளியேற முடியும்.

அனுமதிக்கு விண்ணப்பிப்பது கடினமில்லை, ஆனால் அவசரத்தில் முடிகிற காரியமும் இல்லை. மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் தளத்தில் கணக்கு தொடங்கி, வாகனப் பதிவு விவரம், காப்புறுதிச் சான்றிதழ், உரிமையாளரின் அடையாள ஆவணம் ஆகியவற்றைப் பதிவேற்ற வேண்டும். ஒப்புதல் வந்ததும் 10 ரிங்கிட் கட்டி ரேடியோ அலை அடையாள வில்லையைப் பெற வேண்டும். அதை ஒட்டிய பின் மறுபடி தளத்துக்குப் போய்ச் செயல்படுத்த வேண்டும். மலேசியாவில் சுங்கம் கட்டப் பயன்படும் டச் என் கோ மின்பணப்பையோடு இணைக்கவும் வேண்டும். வில்லை ஐந்து ஆண்டு செல்லும். இந்தத் தொடரில் மக்கள் தவறவிடும் இடம் கடைசிப் படிதான். வில்லை கைக்கு வந்துவிட்டாலே எல்லாம் முடிந்துவிட்டதாகத் தோன்றும். செயல்படுத்தாத வில்லை கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வெறும் காகிதம். நான் புறப்படுவதற்குச் சில வாரம் முன்பே தளத்தில் நுழைந்து, நிலை "செயலில்" என்று காட்டுகிறதா என்று பார்த்து அந்தப் பக்கத்தைச் சேமித்து வைத்தேன்.

இந்த அனுமதி காரின் உரிமையாளர் பெயரில் இருக்கிறது. ஆகவே நண்பரின் காரை இரவல் வாங்கிப் போவதாக இருந்தால் அனுமதியை அவர்தான் எடுத்திருக்க வேண்டும்; அவரிடமிருந்து ஓர் ஒப்புதல் கடிதமும் வாங்கிக்கொள்ள வேண்டும். வாடகைக் கார்களில் மலேசியாவுக்குப் போக எல்லா நிறுவனங்களும் விடுவதில்லை. விடுபவை கூடுதல் கட்டணம் வாங்குகின்றன. முன்கூட்டியே சொல்லச் சொல்கின்றன.

உள்ளே நுழையும் ஒவ்வொரு முறையும் சாலைக் கட்டணம் 20 ரிங்கிட். அதற்கு மேல் சாவடிச் சுங்கமும் நெடுஞ்சாலைச் சுங்கமும் உண்டு. நெடுஞ்சாலைச் சுங்கத்தில் ரொக்கம் வாங்குவதில்லை என்பதால் டச் என் கோ அட்டையில் போதுமான இருப்பு வேண்டும். பினாங்கு போய் வர நான் 250 ரிங்கிட் போட்டு வைக்கிறேன்; மீந்தால் அடுத்த முறைக்கு ஆகும். கைப்பேசியிலேயே பணம் ஏற்றக்கூடிய புதிய வகை அட்டையை வாங்கிவிட்டால், இருப்பு குறைந்ததும் ஓய்விடத்தில் நின்று ஏற்றிக்கொள்ளலாம். ஒரு நுணுக்கம் மட்டும் நினைவிருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் ஏறும்போது எந்த அட்டையைத் தொட்டோமோ அதே அட்டையை இறங்கும்போதும் தொட வேண்டும். எங்கள் வீட்டில் ஆளுக்கோர் அட்டை இருப்பதால், பயணத்துக்கு ஒன்றை மட்டும் காரில் வைத்துவிட்டு மற்றதை வீட்டு இழுப்பறையில் போட்டுவிட்டேன்.

இனி பெட்ரோல். சிங்கப்பூரில் பதிவான கார் நிலவழியாக வெளியேறும்போது தொட்டியில் முக்கால் பங்காவது எரிபொருள் இருக்க வேண்டும். 1989-இல் பாதித் தொட்டி என்று தொடங்கி, 1991-இல் முக்காலாக உயர்த்தப்பட்ட விதி இது. அந்தப் பக்கம் பெட்ரோல் விலை இங்கிருப்பதில் பாதிக்கும் குறைவு. எல்லோரும் காலித் தொட்டியோடு போய் நிரப்பிக்கொண்டு வந்தால் இங்குள்ள எரிபொருள் தீர்வைக்குப் பொருளே இல்லாமல் போய்விடும். விதியை மீறினால் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் விதிக்கலாம். காரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அபராதத்தைவிட அந்தத் திருப்பி அனுப்புதல்தான் பெரிய தண்டனை என்பேன், ஏனென்றால் விடுமுறைக் காலத்தில் அந்த வரிசையில் மறுபடி முதலிலிருந்து நிற்க வேண்டும். அதிகாரி பார்ப்பது எரிபொருள் முள்ளைத்தான். வரிசையில் இரண்டு மணி நேரம் குளிர்சாதனத்தோடு ஊர்ந்தால் முள் கொஞ்சம் இறங்கும் என்பதால், சரியாக முக்காலில் கிளம்புவது புத்திசாலித்தனம் இல்லை. நான் முதல் நாள் மாலை வீட்டுக்குப் பக்கத்திலேயே முழுத் தொட்டி நிரப்பிவிடுகிறேன். கணவருக்கு இதில் வருத்தம் உண்டு.

மலேசியாவில் நிரப்பும்போது ரோன் 95 வகைப் பெட்ரோலைத் தொடக்கூடாது. மானிய விலையில் மலேசியர்களுக்குத் தரப்படும் அந்தப் பெட்ரோலை வெளிநாட்டுப் பதிவு வாகனங்களுக்கு விற்பது 2010 ஆகஸ்ட் முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. மஞ்சள் நிறக் கைப்பிடி அது. நமக்கு உரியது ரோன் 97. எங்கள் எண்பலகையைப் பார்த்ததும் படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் போட்டுவிடுவார்கள் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அவர்களுடைய வரிப்பணத்தில் தரப்படும் மானியத்தை, அவர்களைவிடக் கூடுதல் வருமானம் உள்ள நாம் எடுத்துக்கொள்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. ரோன் 97-உம் நமக்கு மலிவுதான்.

காப்புறுதியைப் பொறுத்தவரை, சிங்கப்பூர் வாகனக் காப்புறுதிகளில் பெரும்பாலானவை மேற்கு மலேசியாவையும், தாய்லாந்து எல்லையிலிருந்து 80 கிலோமீட்டர் வரையிலான பகுதியையும் உள்ளடக்கும். ஆனால் "பெரும்பாலானவை" என்பதை நம்பிக் கிளம்பக் கூடாது. பத்திரத்தில் புவியியல் எல்லை என்ற பகுதி இருக்கும். அதைப் படிக்க ஒரு நிமிடம் போதும். கூடவே மலேசியாவிலிருந்து காரை இழுத்து வரும் செலவு சேர்ந்திருக்கிறதா, எந்தப் பட்டறையில் பழுதுபார்க்கலாம் என்பதையும் கேட்டு வைத்துக்கொண்டேன். சாலையில் மோதல் ஏதும் நேர்ந்தால் மலேசியக் காவல் நிலையத்தில் 24 மணி நேரத்துக்குள் புகார் பதிய வேண்டும். சிங்கப்பூரில் உள்ள காப்புறுதி நிறுவனத்துக்கும் 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ஓட்டுநர் உரிமத்துக்குக் கூடுதலாக ஒன்றும் வேண்டியதில்லை. ஆசியான் நாடுகள் ஒன்றின் உரிமத்தை மற்றொன்று ஏற்கும் உடன்பாடு 1985-லிருந்தே இருக்கிறது. இந்திய உரிமம் மட்டும் வைத்திருப்பவர் இந்தச் சலுகையில் வரமாட்டார்.

இந்த 80 கிலோமீட்டரைக் காட்டித்தான் கணவர், "பினாங்கு வரை போய்விட்டு ஹாட்யாய் போகாமல் வருவதா?" என்று ஆரம்பித்தார். புக்கிட் காயு ஈத்தாமில் எல்லையைக் கடந்தால் தாய்லாந்தின் ஹாட்யாய் நகரம் தொலைவில்லைதான். ஆனால் அங்கே தாய்லாந்தின் கட்டாய மூன்றாம் தரப்புக் காப்புறுதியைத் தனியாக வாங்க வேண்டும். காரைத் தற்காலிகமாக உள்ளே கொண்டுவருவதற்கான சுங்கப் படிவங்கள் வேண்டும். 2025 மே முதல் ஒவ்வொருவருக்கும் தாய்லாந்தின் மின்னிலக்க வருகை அட்டை வேண்டும். பின்னிருக்கையில் எழுபது தாண்டிய அத்தையை வைத்துக்கொண்டு ஒரே விடுமுறையில் இரண்டு எல்லைகள் வேண்டாம் என்று நான் சொன்னேன். அத்தை என் பக்கம் நின்றதால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

காரின் உடல்நிலையைப் பற்றிச் சிங்கப்பூர்க்காரர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். இங்கே விரைவுச்சாலைகளில் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. பல கார்கள் வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூடத் தொடர்ந்து இரண்டு மணி நேரம் ஓடியதே இல்லை. அப்படிப்பட்ட கார் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில், நண்பகல் வெயிலில், ஐந்து பேரின் சுமை இல்லாவிட்டாலும் நான்கு பேரோடும் பெட்டிகளோடும் ஓட வேண்டும். வயதான டயர், தளர்ந்த பேட்டரி, குறைந்த குளிர்நீர் எல்லாம் அங்கேதான் வெளிப்படும். பட்டறையில் டயர்களின் தேய்மானத்தை மட்டும் பார்க்காமல், பக்கச் சுவரில் பொறித்திருக்கும் நான்கு இலக்க எண்ணையும் பார்க்கச் சொன்னேன். அது டயர் தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். எங்கள் பின் டயர் ஒன்றில் கோடு நன்றாகவே இருந்தது. ஆனால் பக்கச் சுவரில் நகக்கீறல் போல மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தன. இரண்டையும் மாற்றிவிட்டோம். புதிய கார்கள் பலவற்றில் மாற்றுச் சக்கரமே இல்லை, ஒட்டுப்பசையும் காற்றடிக்கும் கருவியும்தான் இருக்கின்றன. தரைவிரிப்பைத் தூக்கி, என்ன இருக்கிறது என்று புறப்படும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளலாம். மழைத்துடைப்பானும் புதிது. தாப்பாவுக்கும் ஈப்போவுக்கும் இடையில் மலையோரம் பிற்பகல் மழை பிடித்தால் முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரியும்.

மகனின் குழந்தை இருக்கை சிங்கப்பூரைப் போலவே அங்கும் சட்டப்படி தேவை. அது 2020 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. "அங்கே யாரும் கேட்கமாட்டார்கள்" என்று சொல்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

வழியைப் பொறுத்தவரை நான் எப்போதும் துவாஸ் கட்சி. அங்கே 1998-இல் திறக்கப்பட்ட இரண்டாம் இணைப்புப் பாலத்தில் சுங்கம் கூடுதல்தான். ஆனால் பழைய கடற்பாலம் இருக்கும் உட்லண்ட்ஸ் வழியாகப் போனால் ஜோகூர் பாரு நகரின் நெரிசலைத் தாண்டித்தான் நெடுஞ்சாலையைப் பிடிக்க வேண்டும். துவாஸ் வழி நகரைத் தொடாமல் நேரே வடக்கு நோக்கிக் கொண்டுபோய் விடுகிறது. புறப்படும் நாளை முடிவு செய்வது வழியை முடிவு செய்வதைவிட முக்கியம். ஜூன் விடுமுறையின் முதல் வெள்ளி மாலையும் சனி காலையும் சாவடியில் மூன்று மணி நேரம் நிற்கத் தயாராக இருப்பவர்களுக்கானவை. நாங்கள் செவ்வாய் அதிகாலை நாலரைக்குக் கிளம்புகிறோம். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் தளத்தில் இரண்டு சாவடிகளின் நேரடிக் கேமராப் படங்களும் கிடைக்கின்றன. பல் தேய்க்கும்போதே பார்த்துக்கொள்ளலாம்.

ஆயர் குரோவில் சாலைக்கு மேலே பாலம் போலக் கட்டிய உணவகத்தில் பசியாறல். அங்கிருந்து நீலாய் தாண்டி எலைட் நெடுஞ்சாலைக்கு மாறி, விமான நிலையத்தின் பக்கமாகச் சென்று ஷா ஆலமில் மறுபடி சேர்ந்துகொண்டால் கோலாலம்பூர் நகர நெரிசலைத் தவிர்த்துவிடலாம். மதியத்துக்குப் பிறகு தாப்பா ஓய்விடம், மாலைக்குள் ஈப்போ. அன்று இரவு அங்கே தங்கிவிடுகிறோம். ஒரே நாளில் பினாங்கு சேர்ந்துவிட்டதாகப் பெருமை பேசுபவர்களை நான் அறிவேன். அவர்களுடைய மாமியார்களின் கருத்தை யாரும் கேட்டதில்லை. ஈப்போவைத் தாண்டி மெனோரா சுரங்கப்பாதைக்கு முன்னும் பின்னும் மலைச்சரிவு. அங்கே வேக வரம்பு குறையும், கேமராவும் இருக்கிறது.

மிஞ்சியது திரும்பும்போது பெட்டியில் என்ன இருக்கலாம் என்பது. இதை அத்தையோடு உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. அத்தை பினாங்கு லிட்டில் இந்தியாவில் வாங்க வேண்டியவற்றை ஏற்கெனவே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். ஜாதிக்காய் எண்ணெய், வெண்கல விளக்கு, சேலை, கடைசியாகக் கசகசா.

"குருமாவுக்குக் கால் கிலோ போதும்மா. அங்கே நல்லதாகக் கிடைக்குமாம்."

"அத்தை, கசகசா மட்டும் வேண்டாம். இங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது."

"கசகசாவா? குழந்தைக்குப் பால் காய்ச்சிக் கொடுப்போமே!"

அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் உண்மை அதுதான். கசகசாவில் அபினின் எச்சம் இருக்கக்கூடும் என்பதால், மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் முன் அனுமதி இல்லாமல் அதைச் சிங்கப்பூருக்குள் கொண்டுவர முடியாது. மலேசியக் கடைகளில் மற்ற மசாலாக்களோடு பொட்டலத்தில் தொங்குவதால் யாருக்கும் சந்தேகம் வராது. முந்திரி அரைத்து ஊற்றிக்கொள்ளலாம் என்று சமாதானமானார்.

சூயிங்கம், மின்சிகரெட் இரண்டும் கூடாது என்பது தெரிந்ததே. மலேசியாவிலிருந்து வருபவர்களுக்கு மதுவுக்குத் தீர்வைச் சலுகை இல்லை. சிகரெட்டுக்கு எங்கிருந்து வந்தாலும் இல்லை, ஒரு பாக்கெட்டானாலும் அறிவித்துத் தீர்வை கட்ட வேண்டும். வாங்கிய மற்றப் பொருள்களுக்கு, 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளியே இருந்திருந்தால் ஆளுக்கு 500 வெள்ளிவரை பொருள், சேவை வரி இல்லை. அதற்குக் குறைவாக இருந்திருந்தால் 100 வெள்ளிதான். அத்தையின் விளக்கும் சேலைகளும் இந்த வரம்புக்குள் அடங்கும். ரசீதுகளைப் போட ஒரு தனி உறை வைத்திருக்கிறேன். அவருடைய நீரிழிவு மாத்திரைகள் மருந்துக் கடைப் பெட்டியிலேயே, மருத்துவர் சீட்டோடு இருக்கின்றன. வாரப் பெட்டியில் பிரித்துப் போடுவதை ஈப்போவில் செய்துகொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இத்தனைக்கும் பிறகு வீட்டிலிருந்தபடியே முடிக்க முடியாத வேலை ஒன்று இருக்கிறது. சிங்கப்பூர் வருகை அட்டை. நிலவழியாகத் திரும்பும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அது தேவையில்லை, அத்தைக்குத் தேவை. அதையும் வருவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள்தான் நிரப்ப முடியும் என்பதால், எங்கள் பயணத்தின் நீளத்துக்கு அதைப் புறப்படும் முன்பே போட்டு வைக்க வழியில்லை. எனவே திரும்பும் வழியில் மலாக்காவில் தங்கும் இரவுக்கு என் கைப்பேசியில் ஒரு நினைவூட்டல் வைத்திருக்கிறேன். அத்தையின் கடப்பிதழ் முகப்புப் பக்கத்தையும் எங்கள் வீட்டு முகவரியையும் சென்னை விமானத்தின் எண்ணையும் ஒரே குறிப்பில் சேர்த்து வைத்திருக்கிறேன். அங்கிருந்து துவாஸுக்கு மூன்று மணி நேரத்துக்குள் ஓட்டிவிடலாம். திங்கள் நண்பகலில் கடப்பதாகத் திட்டம். ஞாயிறு மாலை எல்லோரும் திரும்பிக்கொண்டிருக்கும்போது நாங்கள் மலாக்காவில் சாப்பிட்டுக்கொண்டிருப்போம்.